பக்கம் கழலாத டைரியை வீட்டில் செய்வது எப்படி?

கேள்வி இதுதான்: கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் மூன்றுக்குமாகச் சேர்த்து உறவுக்காரர்களுக்கு ஆறேழு டைரிகளைக் கையால் செய்து கொடுக்க ஆசை. போன வருடம் வீடியோ பார்த்துச் செய்ததில் அட்டை வளைந்துவிட்டது, பக்கங்கள் கழன்று வந்துவிட்டன. காகிதத்தையே வீட்டில் செய்யலாமா? அம்மாவுக்குப் பழைய கடிதங்களையும் போட்டோக்களையும் வைத்து ஒரு நினைவுப் புத்தகமும் செய்ய வேண்டும்.

முதலில் பக்கம் கழன்றதைப் பார்ப்போம். நீங்கள் தனித்தனித் தாள்களை அடுக்கி, முதுகுப் பக்கம் பசை தடவி அட்டையில் ஒட்டியிருப்பீர்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு தாளும் தன் விளிம்பின் கனத்தை மட்டும் நம்பித் தொங்குகிறது. அந்தக் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். கைக்காகிதமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அது தடிப்பும் விறைப்புமாக இருப்பதால் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் பசையை இழுக்கும். பசையை மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. தாளை இரண்டாக மடித்து, மடிப்பின் நடுவில் நூல் ஓட்டிவிட்டால் கழல்வதற்கே எதுவும் இல்லை. ஆகவே லேஸ், ஸ்டிக்கர், தங்க வண்ணம் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் நேரத்தை மடிப்புக்கும் தையலுக்கும் கொடுங்கள்.

காகிதத்தை வீட்டிலேயே செய்யலாமா என்றால், வாழ்த்து அட்டைக்கும் மேலுறைக்கும் தாராளமாகச் செய்யலாம். எழுதும் பக்கங்களுக்கு வேண்டாம் என்பேன். பழைய நோட்டையோ செய்தித்தாளையோ ஊறவைத்து மிக்ஸியில் அரைக்கும்போது பிளேடு நாரை வெட்டுகிறது. கைக்காகிதக் கூடங்களில் பீட்டர் என்கிற தொட்டியில் துணிக் கூழைப் பல மணி நேரம் சுற்றவிட்டு நாரை நசுக்கிப் பிசிறாக்குகிறார்கள். அந்தப் பிசிறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதுதான் தாளின் பலம். கழிவுத் தாளில் நார் ஏற்கெனவே குட்டையாகிவிட்டிருக்கும், மிக்ஸி அதை மேலும் குட்டையாக்கிவிடும். அதனால் வீட்டில் செய்த தாள் மடிப்பில் வெடிக்கும், பேனா மை அதில் பரவும்.

நல்ல கைக்காகிதம் மரத்திலிருந்து வருவதில்லை. பருத்தித் துணிக் கழிவுதான் அதன் மூலப்பொருள், முக்கியமாகத் திருப்பூர் போன்ற ஊர்களில் பனியன் வெட்டும்போது மிஞ்சும் துண்டுகள். மரக்கூழில் இருக்கும் லிக்னின்தான் செய்தித்தாளை மஞ்சளாக்குகிறது. பருத்தியில் அது இல்லாததால் தாள் நெடுநாள் வெளுப்பாகவே இருக்கும். புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதக் கூடம் 1959 முதல் இதைச் செய்து வருகிறது. இந்தத் தொழிலுக்குப் பின்னால் நம் ஊர்க்காரர் ஒருவரும் இருக்கிறார். 1892இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தியபோது, சங்கம் எடுத்துக்கொண்ட வேலைகளில் கைக்காகிதமும் ஒன்று. ஜெய்ப்பூர் பக்கம் சாங்கானேரில் இருக்கும் தேசியக் கைக்காகித நிறுவனத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

கடையில் கேட்கும்போது ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்ற கணக்கைச் சொல்லிக் கேளுங்கள். எழுதும் பக்கத்துக்கு 100 முதல் 120, மேலுறைக்கு 250 முதல் 300. வாங்கும் முன் மூலையில் உங்கள் பேனாவால் ஒரு கோடு போட்டுப் பார்க்கக் கேளுங்கள். மை சிலந்திக்கால் போல் ஓடினால் அந்தத் தாளுக்குப் போதுமான பசைக்கட்டு (மை பரவாமல் தடுக்கச் சேர்க்கும் பசை) இல்லை என்று பொருள், அதில் பால்பாயின்ட் மட்டும்தான் எழுதும். பூவிதழ், வைக்கோல், வாழைநார் தூவிய தாள்கள் கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் பேனா முனை தட்டித் தட்டி நிற்கும். அவற்றை மேலுறைக்கும் முதல் தாளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருந்தால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு சுற்று சுற்றினாலே தாள், பைண்டிங் அட்டை, காலிகோ துணி எல்லாம் கிடைத்துவிடும்.

கைக்காகிதம் பெரும்பாலும் 22க்கு 30 அங்குலத் தாளாக வரும். 30 அங்குலப் பக்கத்தை நான்காகவும் 22 அங்குலப் பக்கத்தை இரண்டாகவும் பிரித்தால் ஏழரைக்குப் பதினொன்று அளவில் எட்டுத் துண்டு. ஒவ்வொன்றையும் மடித்தால் ஐந்தரைக்கு ஏழரை அங்குலப் பக்கம். ஒரு டைரிக்கு மூன்று பெரிய தாள் போதும், 24 துண்டு, 96 பக்கம். கத்தரிக்கோல் வேண்டாம். பிரிக்க வேண்டிய இடத்தில் மடித்து, மடிப்பின் மேல் ஈரத் தூரிகையை ஒருமுறை இழுத்து, இரும்பு ஸ்கேலை வைத்துக் கிழித்தால் ஓரம் கைக்காகிதத்துக்கே உரிய பிசிறோடு வரும்.

ஏ4 தாளில் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மெஷினில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அச்சகத்தில் இதைக் கிரெய்ன் என்பார்கள். கிரெய்ன் புத்தகத்தின் முதுகுக்கு இணையாக ஓடினால் பக்கம் வழவழவென்று சாயும். குறுக்கே ஓடினால் மடிப்பில் உடையும், பக்கம் விறைத்துக்கொண்டு நிற்கும். கடையில் கிடைக்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் கிரெய்ன் நீளவாக்கில்தான் இருக்கும், ஆக அதை அப்படியே பாதியாக மடித்தால் தவறான திசைதான் வரும். அதற்குப் பதில் ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மறுபடி மடியுங்கள். சட்டைப்பையில் அடங்குகிற சிறு டைரி, கிரெய்ன் சரியான திசையில். எந்தத் தாளிலும் கிரெய்ன் எது என்று தெரிய வேண்டுமானால், இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்த வளைவுக்கோட்டின் திசைதான் கிரெய்ன். கைக்காகிதத்தில் நார்கள் எல்லாத் திசையிலும் கலந்து கிடப்பதால் இந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை. முதல்முறை செய்கிறவருக்கு நான் கைக்காகிதத்தைச் சிபாரிசு செய்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

அடுத்தது மடிப்பு. நான்கு துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுங்கள். 16 பக்கம் வரும், அச்சகக் கணக்கில் ஒரு ஃபாரம். மடிப்பை ஸ்பூனின் பின்புறத்தால் அழுத்தித் தேயுங்கள், நகத்தால் வேண்டாம், பளபளவென்று கறை விழும். ஆறு ஃபாரமும் ஆனதும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்து, மேலே அம்மிக்கல்லோ அரிசி டப்பாவோ ஏற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள். இந்த ஓர் இரவைத் தவிர்க்கிறவர்களுடைய டைரிதான் கடைசிவரை வாயைப் பிளந்துகொண்டே இருக்கும்.

இனி தையல். உங்களுக்கு நான் சொல்வது, பசையே இல்லாமல் ஃபாரங்களை நேராக மேலுறையின் முதுகோடு சேர்த்துத் தைக்கும் முறை. பசை இல்லாததால் வளைய அட்டை இல்லை, காயக் காத்திருக்க வேண்டியதில்லை, மாவுப் பசையைத் தேடி வரும் ராமபாணப் பூச்சிக்கும் வேலை இல்லை. திறந்தால் மேசையில் தட்டையாகப் படுத்துக்கொள்ளும். தையல் முதுகில் வெளியே தெரியும், அதுவே அலங்காரம்.

மேலுறைக்கு 300 ஜிஎஸ்எம் கைக்காகிதம் ஒரு நீள்துண்டு எடுங்கள். ஆறு ஃபாரத்தையும் கையால் அழுத்திப் பிடித்து அளந்தால் வரும் தடிப்புதான் முதுகின் அகலம். நீள்துண்டின் நடுவில் அந்த அகலத்துக்கு இரண்டு கோடு கீறி மடியுங்கள். பக்கத்தை விட மேலும் கீழும் ஓரத்திலும் ஒரு நூல் அளவு (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கூடுதலாக விடுங்கள். மேலுறையின் வெளி ஓரத்தில் இரண்டு மூன்று அங்குலம் உள்ளே மடிந்து வரும்படி விட்டால் ஓரம் நைந்து போகாது.

இப்போது துளைகள். ஒரு துண்டுத் தாளில் நான்கு துளைக்கு அச்சு போடுங்கள். மேலிருந்தும் கீழிருந்தும் அரை அங்குலம் தள்ளி ஒவ்வொன்று, அவற்றிலிருந்து ஒன்றரை அங்குலம் உள்ளே ஒவ்வொன்று. இதே அச்சை வைத்து ஒவ்வொரு ஃபாரத்தின் மடிப்பிலும் குத்தூசியால் துளையிடுங்கள், தடித்த டெலிபோன் டைரக்டரியைப் பாதியில் திறந்து அதன் பள்ளத்தில் ஃபாரத்தை வைத்தால் ஊசி நேராக இறங்கும். மேலுறையின் முதுகிலும் அதே அச்சில் ஆறு வரிசை, வரிசைக்கு நான்கு துளை. இரண்டு வரிசைக்கு நடுவில் ஒரு ஃபாரத்தின் தடிப்பு அளவு இடைவெளி இருக்கட்டும்.

நூல் தடிமனான பருத்தி நூலோ லினன் நூலோ இருக்கட்டும். பட்டு நூல் வழுக்கும், பாலியஸ்டர் நூல் தாளை அறுக்கும். பக்க உயரத்தை ஃபாரங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, அதோடு இன்னும் அரை மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த அளவு டைரிக்கு ஒன்றே முக்கால் மீட்டர் தாராளம். மெழுகுவர்த்தியின் மேல் நூலை இரண்டு தரம் இழுத்துக்கொண்டால் சிக்காது, முடிச்சும் நழுவாது.

ஒவ்வொரு வரிசையிலும் கீழிருந்து மேலாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று துளைகளை எண்ணுங்கள். முதல் ஃபாரத்தை மேலுறைக்குள் வைத்து, வெளியிலிருந்து ஒன்றாம் துளையில் ஊசியை விடுங்கள், ஒரு சாண் வாலை வெளியே விட்டு வையுங்கள். இரண்டில் வெளியே, மூன்றில் உள்ளே, நான்கில் வெளியே. இப்போது அடுத்த ஃபாரத்தை வைத்து, அடுத்த வரிசையின் நான்காம் துளையில் உள்ளே போய், மூன்றில் வெளியே, இரண்டில் உள்ளே, ஒன்றில் வெளியே. அங்கே முதலில் விட்ட வாலோடு ஒரு முடிச்சு. பிறகு மூன்றாம் வரிசையின் ஒன்றாம் துளையில் நுழைந்து இதே போல மேலும் கீழுமாகப் போங்கள். ஆறாம் வரிசையில் ஒன்றாம் துளையில் வெளியே வந்து நிற்பீர்கள். அங்கிருந்து ஐந்தாம் வரிசையின் ஒன்றாம் துளைக்குள் புகுந்து, உள்ளே ஓடும் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு வெட்டுங்கள். வெளியே நிற்கும் முதல் வாலையும் ஊசியில் கோத்து உள்ளே இறக்கிவிடலாம். நூலை எப்போதும் முதுகுக்கு இணையாக இழுங்கள். செங்குத்தாக வெளியே இழுத்தால் துளை கிழிந்து நீளும்.

அரையாண்டு விடுமுறையில் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு ஒரே ஃபாரம், மூன்று துளை போதும். உள்ளிருந்து நடுத் துளை வழியே வெளியே வந்து, மேல் துளையில் உள்ளே போய், நடுவைத் தாண்டி உள்ளேயே கீழ்த் துளைக்குப் போய், அதில் வெளியே வந்து, மறுபடி நடுத் துளையில் உள்ளே. இரண்டு வாலும் நீண்ட நூலுக்கு இருபுறமும் வருமாறு வைத்து முடிச்சு. பத்து வயதுப் பிள்ளை தனியாகச் செய்துவிடும், குத்தூசி வேலையை மட்டும் நீங்கள் செய்து கொடுங்கள்.

கெட்டி அட்டைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், போன வருடம் அது ஏன் வளைந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பசை பட்டதும் தாளோ துணியோ ஈரத்தில் விரிகிறது. அந்த நிலையில் அட்டையில் ஒட்டுகிறீர்கள். காயும்போது அது சுருங்குகிறது, அட்டையைத் தன் பக்கம் இழுத்து வளைக்கிறது. வெளியே மட்டும் ஒட்டினால் வெளிப்பக்கம் வளையும். மருந்து ஒன்றுதான், உள்பக்கத்திலும் ஏறக்குறைய அதே கனத்தில் ஒரு தாள் ஒட்டி, எதிர்ப்பக்கம் இழுக்க விடுவது. அட்டை, மேல்தாள், உள்தாள் மூன்றின் கிரெய்னும் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். பசையை மெல்லிசாகத் தடவி, இருபுறமும் வெள்ளைத் தாளை வைத்துப் பாரமேற்றுங்கள். அந்த வெள்ளைத் தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சில மணி நேரம் கழித்து அதை மாற்றி, மீண்டும் பாரம். சென்னை, கடலூர், நாகை பக்கம் டிசம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழையின் வால் இன்னும் இருக்கும், காற்றில் ஈரம் அதிகம். மே மாதத்தில் ஓர் இரவில் காய்வது இப்போது மூன்று நான்கு நாள் எடுக்கும். ஈரம் போகாமல் சுற்றிக் கொடுத்தால் பெறுகிறவர் வீட்டில் போய் வளையும், இல்லையென்றால் பூசணம் பிடிக்கும்.

பசை விஷயத்தில், ஃபெவிகால் பலமானது, பூச்சி தின்னாது, ஆனால் சட்டென்று பிடித்துக்கொள்ளும், ஒட்டியதை நகர்த்திச் சரிசெய்ய நேரம் தராது. மைதாப் பசை நேரம் தரும், பிறகு ஈரம் காட்டிப் பிரிக்கவும் முடியும். ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி போல் ஆகும்வரை சிறு தீயில் கிளறுங்கள். பழைய பைண்டர்கள் பூச்சிக்காக இதில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், வீட்டுச் சமையலறையில், பிள்ளைகள் புழங்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். சில சொட்டு கிராம்பு எண்ணெய் போதும். ஏட்டுச்சுவடிக்கு வைத்தது போல வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து, புத்தகத்தோடு பெட்டிக்குள் போட்டும் வைக்கலாம்.

அம்மாவுக்கான நினைவுப் புத்தகம் வேறு வகை. வெற்று டைரியைத் தைத்துவிட்டுப் போட்டோ ஒட்டினால், முதுகு ஒல்லியாகவும் வாய்ப்பக்கம் தடித்தும் ஆப்பு மாதிரி ஆகிவிடும், தையலும் இழுபடும். அதனால் தைக்கும்போதே இடம் விட வேண்டும். ஒவ்வொரு துண்டோடும் இரண்டங்குல அகலமுள்ள ஒரு பட்டையை நடுவில் மடித்துச் செருகி, ஃபாரத்தோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். பட்டை முதுகில் மட்டும் தடிப்பைக் கூட்டும். போட்டோக்கள் ஏறும்போது இரண்டு பக்கமும் சமமாகிவிடும்.

போட்டோவைப் பின்புறம் முழுக்கப் பசை தடவி ஒட்டாதீர்கள். பின்னால் யாராவது பெயரோ தேதியோ எழுதியிருப்பார்கள், அதுதான் பல வீடுகளில் எஞ்சியிருக்கும் ஒரே ஆதாரம். மெல்லிய கைக்காகிதத்தில் சிறு முக்கோண உறைகள் நான்கு மடித்து, அவற்றை மட்டும் பக்கத்தில் ஒட்டி, போட்டோவின் மூலைகளைச் செருகிவிடுங்கள். கடிதங்களுக்குப் பக்கத்தின் கீழ்ப்பாதியை மேலே மடித்து ஓரம் தைத்துப் பை ஆக்குங்கள். நீல இன்லேண்டை எடுத்துப் பிரித்துப் படித்து, திரும்ப வைக்க முடிய வேண்டும். செலோடேப் ஒருபோதும் கூடாது, சில வருடங்களில் மஞ்சளாகிப் பிசுபிசுத்துத் தாளில் கறையாக ஏறிவிடும். லாமினேஷனும் வேண்டாம், ஒருமுறை செய்தால் திரும்ப எடுக்க முடியாது. இப்போது கைமெஷினில் வரும் பஸ் டிக்கெட், கடை ரசீது எல்லாம் வெப்பத்தில் அச்சாகிறவை, சில மாதங்களிலேயே வெளுத்துவிடும். அவற்றை வைக்க ஆசையென்றால் உடனே ஜெராக்ஸ் எடுத்து அந்த நகலை வையுங்கள். பழைய வண்ண பஸ் டிக்கெட்டுகளுக்கு இந்தக் கவலை இல்லை.

வெற்று டைரி கொடுப்பவர்களுக்கு ஒரு யோசனை. நல்ல தாளில் செய்த அழகான நோட்டில் யாரும் எழுதத் துணிவதில்லை, அலமாரியில் வைத்துவிடுவார்கள். முதல் இரண்டு மூன்று பக்கங்களை நீங்களே கெடுத்துக் கொடுங்கள். அத்தைக்கு மார்கழிக் கோல நோட்டு என்றால், தைப்பதற்கு முன்பே இரண்டு ஃபாரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் பென்சிலால் புள்ளி வைத்து, நேர்ப்புள்ளியில் ஒன்றும் இடைப்புள்ளியில் ஒன்றுமாகக் கோலம் போட்டு, புள்ளிக் கணக்கையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். சமையல் நோட்டு என்றால் பாட்டியின் கையெழுத்திலேயே ஒரு குழம்புக் குறிப்பு. அவரைத் தனித் தாளில் எழுதச் சொல்லி, அதை ஃபாரத்தின் நடுவில் வைத்துத் தையுங்கள், எழுத்து சரியில்லை என்று அவர் கிழித்துப் போட்டாலும் நோட்டுக்குச் சேதமில்லை.

வீட்டில் காகிதம் செய்யும் ஆசையைப் பொங்கல் வாழ்த்து அட்டைகளில் தீர்த்துக்கொள்ளலாம். பழைய நோட்டுத் தாளை ஓர் இரவு ஊறவைத்து அரைத்து, டப்பில் தண்ணீரோடு கலக்கி, கொசுவலை இழுத்துக் கட்டிய மரச்சட்டத்தால் அள்ளி, ஈரத் துணியின் மேல் கவிழ்த்து, ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். துளசி விதையோ கீரை விதையோ சேர்க்க வேண்டுமானால் அரைக்கும்போது போடாமல் துணியில் கவிழ்த்த பிறகு தூவுங்கள். அன்றே வெயிலில் காயவில்லை என்றால் விதை தாளிலேயே முளைத்துவிடும். மழை மாதத்தில் விதை அட்டை வேண்டாம் என்பது என் கட்சி.

மேலுறையில் ஒட்டப் பூ வேண்டுமானால் காகிதப்பூ இதழ் நன்றாகக் காயும், மல்லிகை பழுப்பாகிவிடும். அரச இலையின் நரம்பை மட்டும் வலையாக எடுத்து வைப்பது எல்லாவற்றையும் விட அழகு. ஆனால் இலை தண்ணீரில் மூன்று நான்கு வாரம் ஊறி, சதை அழுகினால்தான் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டி எடுக்க முடியும். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், நாற்றமடிக்கும், பால்கனியில் வையுங்கள். பொங்கலுக்குள் வேண்டுமென்றால் டிசம்பர் பிறந்ததுமே இலையை ஊறப் போடுங்கள், காகிதம் வாங்கப் போவதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.